பெருசா இருந்தா போதுமா? ஒரு தோட்டாக் கணக்கு

பொட்டி தட்டுறவனுக்குத் துப்பாக்கி பத்தி என்னடா பதிவுன்னு புருவத்தைத் தூக்காதீங்க மக்களே. டெக்சாஸ்ல குப்பை கொட்ட வந்துட்டா சாப்பாட்டு மேசையில கிரிக்கெட் பேச ஆள் கிடைக்காது. மான் சீசன், காட்டுப்பன்றி, அதுக்கு அடுத்தபடியா 'எந்த காலிபர்' அப்படிங்கற பட்டிமன்றம், இது மூணும்தான் கிடைக்கும். எங்க டீம்ல ஒருத்தர் தன்னோட ஏஆர்-15 ரைஃபிளைத் தனக்குப் பிடிச்ச மாதிரி பாகம் பாகமா வாங்கிச் சேர்த்துக்கிட்டிருக்கார். இந்த வருஷம் அவருக்கு ஒரே ஆசை: இருக்குற .223 போதாது, இன்னும் பெருசா வேணும். ஏன்னு கேட்டா "பெருசுன்னா நல்லதுதானே"ங்கறார்.

நல்லதில்லைங்கறது என் கட்சி. பெரிய காலிபர் கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. 'பெருசு' மட்டும் ஒரு காரணமே ஆகாதுன்னுதான் சொல்றேன். ஏன்னு பொறுமையா பார்ப்போம்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். என்கிட்ட துப்பாக்கி கிடையாது. எச்1பி மாதிரி விசாவுல இருக்குறவங்க அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிக்கவே கூடாது. வேட்டை லைசென்ஸ் வாங்கினா அனுமதிங்கற மாதிரி சில விதிவிலக்கு மட்டும் உண்டு. அதனால சுடும் மைதானத்துல காதடைப்பைப் போட்டுக்கிட்டு ஓரமா நின்னு பார்த்ததோட சரி. ஆனா இஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு, ஒருத்தர் 'இந்தப் பாகத்தைக் கழட்டி அதை மாட்டினா போதும்'னு சொன்னா, மாட்டினா என்னென்ன மாறும்னு கணக்குப் போட்டுப் பார்க்காம தூக்கம் வராது :-)

முதல்ல கொஞ்சம் வரலாறு

ஏஆர்னா 'அசால்ட் ரைஃபிள்'னு பலர் நினைக்கிறாங்க. இல்லை, ஆர்மலைட்டுங்கற கம்பெனியோட பேரு அது. அங்க யூஜின் ஸ்டோனர் 1950களில் முதல்ல வடிவமைச்சது ஏஆர்-10. அது 7.62×51 தோட்டா போடுற பெரிய துப்பாக்கி. அப்புறம் அதைச் சின்னதாக்கி .223 தோட்டாவுக்குப் பண்ணினதுதான் ஏஆர்-15. 1959ல் உரிமையை கோல்ட் கம்பெனிக்கு வித்துட்டாங்க. ராணுவத்துக்குப் போனது எம்16 ஆச்சு. பொதுமக்களுக்கு வந்தது ஒரு தடவை விசையை இழுத்தா ஒரே ஒரு குண்டு மட்டும் போற செமி ஆட்டோமேட்டிக்.

அதாவது பெருசா இருந்ததை ஒரு காரணத்தோட சின்னதாக்கினாங்க. துப்பாக்கி எடை குறையும், உதைப்பு குறையும், அதே எடைக்கு நிறைய தோட்டா தூக்கிட்டுப் போகலாம். இப்ப அந்தச் சின்னதை வாங்கி, திரும்பப் பெருசாக்கப் பாக்குறோம். சாஃப்ட்வேர்ல இது நமக்குப் பழகின கதைதான். ஒருத்தன் யோசிச்சு வெட்டி எறிஞ்ச ஃபீச்சரை ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொருத்தன் 'புதுசா' கொண்டு வருவான்.

இந்த ஆசை சுலபமா நிறைவேறக் காரணம் ஏஆர்-15ஓட அமைப்பு. மேல் பாதி, கீழ் பாதின்னு ரெண்டு துண்டு. ரெண்டே ரெண்டு பின்தான் சேர்த்துப் பிடிச்சிருக்கு. குழலும் போல்ட்டும் மேல் பாதியில இருக்கு. சட்டத்தோட கண்ணுக்குத் துப்பாக்கின்னா வரிசை எண் போட்ட கீழ் பாதிதான். மேல் பாதியை மாத்தினா காலிபரே மாறிடும்.

ஆனா பெட்டி அதே பெட்டி

இங்கதான் முதல் சிக்கல். கீழ் பாதியில மேகசின் போற துவாரத்தோட அளவு மாறாது. தோட்டாவோட முழு நீளம் ஏறக்குறைய 57 மில்லிமீட்டருக்குள்ள இருந்தாதான் உள்ள போகும். நீளமாக்க முடியாது, அதனால குண்டாக்கணும். அப்படிப் பொறந்தவைதான் இந்தக் குடும்பம் எல்லாம்: 2000க்கு அப்புறம் வந்த 6.8 எஸ்பிசி, 6.5 கிரெண்டல், .458 சோகாம், .50 பியோவுல்ஃப், .450 புஷ்மாஸ்டர், அப்புறம் 2011ல் தரப்படுத்தப்பட்ட .300 பிளாக்அவுட்.

குண்டாக்கினா என்ன ஆகும்? தோட்டாவோட அடிப்பாகத்தைப் பிடிக்கிற போல்ட் முகத்தை இன்னும் அகலமா குடையணும். குடைஞ்சா சுத்தியிருக்குற இரும்பு மெலிசாகும். அதே நேரத்துல போல்ட்டைப் பின்னால தள்ளுற விசை, அழுத்தம் பெருக்கல் பரப்பு. பரப்பு கூடுது, இரும்பு குறையுது. அப்ப அழுத்தத்தைக் குறைச்சே ஆகணும். .223க்கு அனுமதிச்ச உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. 6.5 கிரெண்டலுக்கு 52,000. .450 புஷ்மாஸ்டருக்கு 38,500தான். பெரிய தோட்டான்னா கூடுதல் அழுத்தம்னு நினைக்கிறவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும். சும்மா யாரும் எதையும் தர்றதில்லை, பௌதிகமும் அப்படித்தான்.

மேகசின் கணக்கும் உண்டு. 30 தோட்டா பிடிக்கிற .223 மேகசின்ல .458 சோகாம் போட்டா 10தான் பிடிக்கும்.

உதைக்கிறது எது?

கொஞ்சம் எண்களைப் பார்ப்போம். எல்லாம் ஏறக்குறைய, தொழிற்சாலைத் தோட்டாக்களோட பொதுவான அளவு.

.223: 3.6 கிராம் குண்டு, விநாடிக்கு 988 மீட்டர், ஆற்றல் 1,740 ஜூல்.
6.5 கிரெண்டல்: 8 கிராம், 786 மீட்டர், 2,470 ஜூல்.
.308 வின்செஸ்டர் (ஏஆர்-10 அளவு துப்பாக்கிக்கு): 9.7 கிராம், 860 மீட்டர், 3,590 ஜூல்.
.450 புஷ்மாஸ்டர்: 16.2 கிராம், 671 மீட்டர், 3,640 ஜூல்.

கடைசி ரெண்டையும் கவனிங்க. ஆற்றல் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா தோளை உதைக்கிறது ஆற்றல் இல்லை, உந்தம். பிளஸ் ஒன் பௌதிகத்துல படிச்சதுதான், நிறை பெருக்கல் வேகம். .223க்கு 3.5, கிரெண்டலுக்கு 6.3, .308க்கு 8.3, .450க்கு 10.9. வெடிமருந்து வாயுவைக் கணக்குல சேர்க்கலை, ஆனாலும் வரிசை புரியும். நம்ம நண்பர் ஆசைப்படுறது .450. குண்டோட உந்தத்தை மட்டும் வச்சுப் பார்த்தா இப்ப வாங்குற உதைப்பைப் போல மூணு மடங்கு.

'ஆம்பளைக்கு உதைப்பு ஒரு விஷயமா'ன்னு கேப்பாங்க. விஷயம்தான். உதைக்கும்னு உடம்புக்குத் தெரிஞ்சா விசையை இழுக்குறதுக்கு ஒரு கணம் முன்னாடியே கண் மூடும், தோள் சுருங்கும், குழல் கீழ போகும். ஆம்பளை பொம்பளை வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் இது நடக்கும். பழகினா சரியாகும். ஆனா பழகறதுக்கு நிறைய சுடணும். .450 தோட்டா ஒண்ணோட விலை .223ஐப் போல பல மடங்கு. அதனால வாங்கினவங்க கொஞ்சமா சுட்டுப் பழகுவாங்க. கம்மியா பழகின கையில பெரிய தோட்டா. மானுக்கு இதைவிட மோசமான கூட்டணி கிடையாது.

இன்னொண்ணு, கனமான மெதுவான குண்டு சீக்கிரமா கீழ விழும். 200 கஜத்துக்கு மேல போனா .450ஓட பாதை நல்லாவே வளையும். தூரத்தைத் தப்பா மதிப்பிட்டா குறி வயித்துக்கோ காலுக்கோ போயிடும்.

அப்ப பெருசுக்கு நல்ல காரணமே இல்லையா?

இருக்கு. முதல் காரணம் வேட்டை அறம்னு சொல்லலாம். காயம்பட்ட மான் விழாம ஓடிப்போய் எங்கயோ புதர்ல கிடந்து சாகுறதை நல்ல வேட்டைக்காரங்க அவமானமா நினைக்கிறாங்க. சட்டமும் அதையே சொல்லுது. கொலராடோவுல மான் வேட்டைக்குக் குறைஞ்சது .24 காலிபர் வேணும். வர்ஜீனியாவுல .23. ரெண்டு இடத்துலயும் .223 ஒரு நூலிழையில தோத்துப் போகுது. டெக்சாஸ்ல அந்தக் கட்டுப்பாடு இல்லை, .223 செல்லும்.

ரெண்டாவது காரணம் இன்னும் சுவாரசியம். மிச்சிகனோட தென்பகுதி சமவெளி, வயல், பக்கத்துல பக்கத்துல வீடு. அங்க ரொம்ப தூரம் போற ரைஃபிள் குண்டை விடாம, மான் வேட்டைக்கு ஷாட்கன் மாதிரி ஆயுதங்களைத்தான் அனுமதிச்சிருந்தாங்க. 2014ல் ஒரு வழி திறந்தாங்க: கழுத்து சுருங்காத நேர்ச்சுவர் தோட்டாவா இருக்கணும், காலிபர் .35 அல்லது மேல, உறையோட நீளம் 1.16 அங்குலத்துல இருந்து 1.80க்குள்ள. .450 புஷ்மாஸ்டர் அதுக்குள்ள அச்சு வார்த்த மாதிரி பொருந்திச்சு. 2019ல் வின்செஸ்டர் கொண்டு வந்த .350 லெஜண்டும் இந்த மாதிரி சட்டம் இருக்குற மாநிலங்களைப் பார்த்து வந்ததுதான்.

பாருங்க, இங்க பெரிய காலிபரைக் கேக்குறதே அது சீக்கிரம் விழும்ங்கறதுக்காக! நான் மேல குறைன்னு சொன்னது அங்க பாதுகாப்பு. வயலுக்கு அந்தப் பக்கம் வீடு இருக்குறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. ஒரே குணம் ஒரு ஊர்ல பிழை, இன்னொரு ஊர்ல ஃபீச்சர்.

மூணாவது, காலிபரை விடக் குண்டோட வடிவமைப்பு முக்கியம்ங்கறதை மறந்துடறோம். முழுக்க உலோக உறை போட்ட ராணுவ வகைக் குண்டும், உள்ள போய் விரியுற வேட்டைக் குண்டும் ஒரே .223ல வெவ்வேற வேலை செய்யும். 'என் .223 மானை விழ வைக்கலை'ன்னு புலம்புறவர் முதல்ல போட்ட தோட்டா எதுன்னு பார்க்கணும். அங்க கோளாறு இருந்தா புதுக் குழல் வாங்கி என்ன பயன்?

உயிரை எடுக்குற 'கம்பாட்டிபிலிட்டி'

இந்தப் பதிவுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சிக்கணும்னா இதை வச்சிக்கங்க. .300 பிளாக்அவுட்டோட பெரிய விளம்பரமே 'அதே போல்ட், அதே மேகசின், குழலை மட்டும் மாத்துங்க'ங்கறதுதான். .223 உறையை வெட்டிச் சின்னதாக்கி, 7.8 மில்லிமீட்டர் குண்டை அதுல வச்சது அது. சைலன்சரோட மெதுவா சுடுறதுக்கும் குட்டையான குழலுக்கும் அருமையான தோட்டான்னு ஒத்துக்கறேன்.

ஆனா அதே மேகசின்ங்கறது ரெண்டு பக்கமும் வெட்டுற கத்தி. பிளாக்அவுட் தோட்டா தவறுதலா .223 துப்பாக்கிக்குள்ள போனா சில சமயம் அது உள்ள உக்காந்து போல்ட்டும் பூட்டிக்கும். முன்னாடி இருக்குறதோ 5.7 மில்லிமீட்டர் குழல். 7.8 மில்லிமீட்டர் குண்டு அதுக்குள்ள போக வழியில்லை. அழுத்தம் வேற எங்க போகும்? துப்பாக்கியே வெடிக்கும், முகத்துக்கு ஒரு சாண் தூரத்துல. இப்படி வெடிச்ச துப்பாக்கிகளோட படங்கள் நிறைய உண்டு.

நம்ம மொழியில சொன்னா இது டைப் செக்கிங் இல்லாத இன்டர்ஃபேஸ். ரெண்டு விதமான டேட்டா, ஒரே பிளக். கம்பைல் ஆகும், ஓடும்போது வெடிக்கும். ஒரே வீட்டுல ரெண்டு காலிபரும் வச்சிருக்குறவங்க மேகசினுக்கு வேற வேற நிறம், வேற வேற பெட்டின்னு பிரிச்சு வைப்பாங்க. பிரிச்சு வைக்குற ஒழுங்கு உங்ககிட்ட இல்லைன்னா அந்தக் காலிபரே உங்களுக்கு வேணாம்ங்கறது என் கருத்து. கோப்பைகள் கிடக்குற அவரோட மேசையைப் பார்த்திருக்கேன், அதான் சொல்றேன் :-)

ராணுவமே பெருசுக்குப் போகுதே?

நம்மாளோட கடைசி அஸ்திரம் இது. உண்மைதான். அமெரிக்க ராணுவம் 2022 ஏப்ரல்ல சிக் சாவர் கம்பெனியோட 6.8×51 ரைஃபிளைத் தேர்ந்தெடுத்துச்சு. 2025ல் அதுக்கு எம்7னு அதிகாரபூர்வமா பேர் வச்சாங்க. காரணத்தை ஒரு வரியில சொல்லிட்டாங்க: எதிரியோட மார்புக் கவசம், கூடுதல் தூரம். விலையும் ஒரு வரியில இருக்கு. எம்4 தூக்குறவர் 30 தோட்டா மேகசின் ஏழு, மொத்தம் 210 கொண்டு போனார். எம்7க்கு 20 தோட்டா மேகசின் ஏழு, மொத்தம் 140. இது சரியான பேரமான்னு அந்த ராணுவத்துக்குள்ளயே ஒரு கேப்டன் 2025ல் பகிரங்கமா கேள்வி எழுப்பினார்.

இந்தியாவுலயும் இதே விவாதம் ஓடுச்சு. 5.56 இன்சாஸ்ல இருந்து திரும்பி, 2019ல் 72,400 சிக்716 ரைஃபிள் (7.62×51) வாங்கினாங்க. 2021 டிசம்பர்ல 6 லட்சத்துக்கும் மேல ஏகே-203க்கு (7.62×39) ஒப்பந்தம் போட்டாங்க. நம்ம திருச்சி தொழிற்சாலை பண்ணின 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' கூட 7.62×39தான். ஒரே 7.62, ஆனா ரெண்டு வேற தோட்டா, ரெண்டு வேற வேலை. காலிபர் எண்ணை மட்டும் வச்சுப் பேசினா எங்க போய் நிப்போம்னு புரியுதா?

எல்லை காக்குற சிப்பாய்க்கு எழுதின கேள்வித்தாளோட விடையை, சனிக்கிழமை பன்றி வேட்டைக்குப் போறவர் காப்பி அடிக்கக்கூடாது. அவரைக் கவசம் போட்ட பன்றி எதுவும் துரத்தலை.

'வீட்டுப் பாதுகாப்பு'க்குன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க வீட்டுச் சுவர் நம்ம ஊர் செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டத்துல ஜிப்சம் பலகை அடிச்சது. குண்டு அதை மதிக்கவே மதிக்காது. அடுத்த அறையில பிள்ளைங்க தூங்குற வீட்டுல, துளைக்கிற சக்தியைக் கூட்டுறது எந்தப் பாதுகாப்புல சேர்த்தி?

இதெல்லாம் ஒரு பொழப்பா?

கேப்பீங்கன்னு தெரியும். நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். 2022 மே மாசம் இதே டெக்சாஸ்ல, உவால்டி ஊர்ப் பள்ளிக்கூடத்துல 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்தாங்க. அங்க வந்தது ஏஆர்-15 வகைதான். சாப்பாட்டு மேசையில 'சும்மா பொடிசு, போதாது'ன்னு பேசுறாங்களே, அந்தச் 'சின்ன' காலிபர்தான்.

அதனால .223ஐ யாராவது பொம்மைன்னு சொன்னா எனக்குச் சுருக்குன்னு குத்துது. துப்பாக்கி வேணுமா வேணாமாங்கற பெரிய விவாதத்தை இந்தப் பதிவுல தீர்க்க முடியாது. அவங்க நாடு, அவங்க அரசியல் சட்டம், அவங்க ஓட்டு. ஆனா வச்சிருக்குறவர் அது என்ன செய்யும்னு முழுசா தெரிஞ்சு வச்சிக்கணும்னு சொல்ல ஓட்டுரிமை தேவையில்லை. 'பெருசு நல்லது'ங்கற பேச்சோட ஆபத்தே, கையில இருக்குறதை அது சின்னதா நினைக்க வச்சிடுது. சின்னதா நினைச்சா கவனம் குறையும். நாலு பேர் நடமாடுற வீட்டுல அலமாரிப் பூட்டு தளரும்.

நம்மாளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். புதுக் காலிபர் எதுக்குன்னு ஒரே வரியில எழுதுங்க. அந்த வரியில எந்த மிருகம், எத்தனை கஜம், எந்த மாநிலம், இது மூணும் இருக்கணும். 'டெக்சாஸ், மானும் பன்றியும், 200 கஜத்துக்குள்ள'ன்னு எழுதினா, நல்ல வேட்டைக் குண்டோட இருக்குற .223ஏ பல சமயம் போதும். மனசு கேக்கலைன்னா 6.5 கிரெண்டல் போங்க, போல்ட்டும் மேகசினும் சேர்த்து மாத்துங்க. மேகசின் தனியா இருக்குறதே ஒரு பாதுகாப்பு. 'மிச்சிகன், வயல்வெளி'ன்னு எழுதினா .450 தாராளமா வாங்குங்க, நானே கைதட்டுறேன். வரியே எழுத வரலைன்னா அந்தக் காசுக்கு .223 தோட்டா வாங்கி நாலு மாசம் மைதானத்துல பழகுங்க. மான் உங்களை வாழ்த்தும். சரி, வாழ்த்தாது, ஆனா அலையாம சாகும்.

மனுசன் இன்னும் வரி எழுதித் தரலை. ரெண்டு நாளா மிச்சிகன்ல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு தேடிக்கிட்டிருக்கார்!

டிஸ்கி: இது துப்பாக்கி வாங்கச் சொல்ற பதிவும் இல்லை, வாங்க வேணாம்னு சொல்ற பதிவும் இல்லை. வேட்டைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம், வருஷத்துக்கு வருஷம் மாறும். போறவங்க அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துட்டுப் போங்க. விசாவுல இருக்குற மக்கள் வக்கீலைப் பார்த்துட்டுப் போங்க. பௌதிகத்துல பிழை இருந்தா வாத்தியார்கள் பின்னூட்டத்துல கும்முங்க, காத்துக்கிட்டிருக்கேன். இப்ப ஆணி புடுங்கப் போறேன், வரட்டா?